கள்ளன் வேஷம்

சுனாமிக்கு அடுத்து வந்த தவக்காலத்தில் என் மாமாதான் இயேசு. அம்மாவின் தம்பி அவர். அண்ணாகிராமம் பக்கம் எங்கள் ஊரில் பெரிய வெள்ளியன்று இயேசுவின் சிலுவைப்பாட்டை நடித்துக்காட்டும் பாஸ்கா நாடகத்தில் அந்த வேஷம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மாமா பொங்கலிலிருந்தே தாடி வளர்த்தார். சிகரெட்டை விட்டார், மீனை விட்டார், பகலில் சோற்றையும் விட்டார். அவர் தெருவில் நடந்தால் கிழவிகள் எழுந்து நின்றார்கள். நானோ ஆறாம் வகுப்பில் அத்தனை பிள்ளைகளிடமும், எங்க மாமாதான் இயேசு என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் காலையில் மாமா வாயைத் துண்டால் மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"என்னாடா வாயில?" என்றாள் அம்மா.

"பல்லு வலிக்குதுக்கா."

அம்மா துண்டைப் பிடுங்கினாள். உதடு இரண்டும் பணியாரம்போல் உப்பி, ஓரமெல்லாம் கருகியிருந்தது. எங்கள் பக்கத்தில் இதைக் கண்டுபிடிக்க டாக்டரும் வேண்டாம், போலீசும் வேண்டாம். பச்சை முந்திரிக்கொட்டையைப் பல்லால் கடித்தால் அதன் பால் பட்டு வாய் வெந்துபோகும். சுட்டுத்தான் உடைக்க வேண்டும். மாமாவுக்கும் அது தெரியும். ஆனால் அவர் புகுந்தது மாதா கோயில் முந்திரித் தோப்பு. அங்கே பழத்தை யார் வேண்டுமானாலும் தின்னலாம். கொட்டையைத் திருகி மரத்தடியில் வைத்துவிட வேண்டும், அது மாதாவுக்கு. தீ மூட்டினால் புகை காட்டிக்கொடுத்துவிடுமே என்று பயந்து, பழத்தால் பசி அடங்காத இயேசு பல்லாலேயே கடித்துவிட்டார்.

"மாதா கொட்டையத் திருடித் தின்னுட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கினுடா சிலுவையில ஏறுவ?" அம்மா தேங்காயெண்ணெயையும் திட்டையும் சேர்த்தே தடவினாள்.

"பல்லுவலின்னே சொல்லிடு மாமா," என்று நான் யோசனை சொன்னேன். என் மானமும் அல்லவா போகிறது!

மாமா அம்மாவிடமிருந்து துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பண்ணது பண்ணிட்டேன். ஃபாதராண்ட போயி சொல்லிடறேன். அடிச்சாலும் ஆண்டவரு நம்ம ஆண்டவருதானக்கா, தள்ளியா உட்டுடுவாரு?"

ஃபாதர் தள்ளிவிடவில்லை, இறக்கிவிட்டார். இயேசு வேஷம் சைக்கிள் கடைக்காரருக்குப் போயிற்று. ஏதோ ஒரு பந்தாட்டச் சண்டையிலிருந்து அவருக்கும் மாமாவுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அவருக்கு ஒட்டுத்தாடி கடலூரிலிருந்து வாடகைக்கு வந்தது. மாமாவுக்கு வலப்பக்கச் சிலுவையில் தொங்கும் கள்ளன் வேஷம். எனக்கு வயிறு எரிந்தது. சொந்தத் தாடி கள்ளன், ஒட்டுத்தாடி இயேசுவா!

பெரிய வெள்ளியன்று ஊரே கூடியிருந்தது. இடப்பக்கக் கள்ளன் இயேசுவைக் கேலி செய்தான். மாமா அவனை அதட்டினார். நாம் செய்ததற்குத்தான் தொங்குகிறோம், இவர் என்னடா செய்தார் என்றார். பிறகு இயேசுவின் பக்கம் திரும்பி, என்னை மறந்துவிடாதேயும் என்று கேட்டார். தோலுரிந்த உதட்டில் வார்த்தை பாதி காற்றாகத்தான் வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அது நடிப்பில்லை. பார்த்துக்கொண்டிருந்த சைக்கிள் கடைக்காரருக்கு, இன்று நீர் என்னோடு பேரின்ப வீட்டில் இருப்பீர் என்ற வசனம் அடியோடு மறந்துபோயிற்று. தாடி ஒருபக்கம் தொங்க, மைக்கில் சொன்னார்:

"அழுவாத மச்சான். நீயும் என்கூடத்தான் வர்ற."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஃபாதரே சிரித்தார். அம்மா மட்டும் சிரித்துக்கொண்டே அழுதாள்.

அடுத்த வருஷம் ஃபாதர் மாமாவைக் கூப்பிட்டு, இயேசு வேஷத்தை நீயே எடுத்துக்கொள் என்றார். நான் துள்ளிக் குதித்தேன். மாமாவோ வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"எனக்குக் கள்ளனே இருக்கட்டும் ஃபாதர். வருசத்துக்கு ஒருவாட்டியாவது, நீயும் என்கூடத்தான் வர்றன்ற அந்த வார்த்தய நான் காதால கேக்கணும்."

தேடி வந்த இயேசுவை விட்டுவிட்டுக் கள்ளனாகத் தொங்க ஆசைப்படுகிறாரே, மாமாவுக்குக் கிறுக்குத்தான் பிடித்துவிட்டது என்று ஈஸ்டர் முடியும்வரை நான் அவரோடு பேசவேயில்லை.