பின்னாடி எரியுதா

இது நடந்தது. சந்தேகப்படுகிறவர்கள் ஆண்டர்சன்பேட்டையில் இன்பராஜின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். அவனுடைய வலது கால் முழங்காலோடு முடிகிறது. அது கற்பனை இல்லை.

பூதிகோட்டைத் தங்கவேலுவிடம் வாங்கிய பழைய வண்டி. தொண்ணூற்றாறாம் வருட மாடல். விடியற்காலையில் மனைவி ஐடாவைப் பின்னால் உட்காரவைத்து பெங்களூர் ரயிலுக்கு ஓட்டிப் போவான். இருவருக்கும் அங்கேதான் வேலை. பனியில் பழைய இண்டிகேட்டர் யார் கண்ணுக்கும் படாது. போன வாரம் வலது பக்கம் திரும்பும்போது ஒரு லாரி அவன் முட்டியை உரசிக்கொண்டு போனது. இன்னொரு தடவை பிழைக்க மாட்டோம் என்று நான்கு எல்.இ.டி. இண்டிகேட்டர் வாங்கி வந்தான்.

ஞாயிறு மாலை 5.10. ஒயர்களை இணைத்து வலது சுவிட்சைப் போட்டான். நான்கு விளக்கும் சேர்ந்து மின்னின. காரணம் அவனுக்குத் தெரியும். அந்த மாடலில் இடது, வலது இரண்டுக்கும் மீட்டரில் ஒரே பல்பு. அதன் வழியாகக் கரண்ட் மறுபக்கம் கசியும். பழைய பல்புகளுக்கு அந்தக் கசிவு போதாது. எல்.இ.டி.க்குப் போதும். தடுக்க இரண்டு டயோடு வேண்டும். ராபர்ட்சன்பேட்டையில் கடை மூடியிருந்தது.

மீட்டர் பல்பைப் பிடுங்கினான். கசிவு நின்றது. ஆனால் சிக்னல் எரிகிறதா என்று இனி ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. பின்னால் இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"வழியெல்லாம் குனிஞ்சிக்கினே வரணுமா?" என்றாள் ஐடா. "நாளைக்கு டயோடு வாங்கிப் போட்டா ஆவாதா?"

"வந்துட்டா பெரிய இன்ஜினியரு."

ஸ்பேனரை வீசினான். அவள் புருவம் பிளந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவள் கத்தவில்லை. எப்போதுமே கத்தியதில்லை. எழுந்து நடந்தாள்.

5.35. ஹெட்லைட் கூட்டுக்குள் கையை விட்டுக்கொண்டே கேட்டான்.

"பின்னாடி எரியுதா?"

"எரியுது."

"இப்ப?"

"நின்னுச்சு."

கோபம் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். முக்கால் மணி நேரம் அப்படியே வேலை நடந்தது. கேட்டான்... பதில் வந்தது.

6.20. தெருப்பக்கம் கதவு கிறீச்சிட்டது. ஐடா வந்தாள். நெற்றியில் கட்டு.

"நாலு தையல். ஒன்றரை மணி ஆவும்னு பாத்தேன், சீக்கிரமா முடிஞ்சிடுச்சு."

அவன் திரும்பிப் பார்த்தான். வண்டிக்குப் பின்னால் சுவர். யாரும் இல்லை. சீட்டின் பின்பாதி மட்டும் அமுங்கியிருந்தது.

அவன் பார்க்கப் பார்க்க... மெல்ல மேலே எழுந்தது.

பழைய ஸ்பாஞ்சு என்று சொல்லிக்கொண்டான்.

திங்கள் காலை 5.12. பனி. ஸ்டேஷன் திருப்பம். வலது சுவிட்சைத் தள்ளினான். பின்னால் லாரியின் இரைச்சல்.

"எரியுதா?"

"எரியுது." காதுக்கு மிக அருகில்.

திருப்பினான்.

இரும்பு. கண்ணாடி. அவன் எலும்பு உடையும் சத்தம் அவனுக்கே கேட்டது. சக்கரம் காலை அரைத்துக்கொண்டு இருபதடி இழுத்துப் போனது.

ஐடா இடது பக்கம் மண்ணில் விழுந்தாள். கீறல்கூட இல்லை.

லாரிக்காரன் போலீஸிடம் சத்தியம் செய்தான். சிக்னல் எரியவே இல்லையாம்.

பதினோராம் நாள் தங்கவேலு ஆஸ்பத்திரிக்கு வந்தான். உட்காரவில்லை.

"மறைச்சிட்டேண்ணா. அது எங்கண்ணன் வண்டி. தினம் அண்ணிய அடிப்பான். ஒரு நாள் சிக்னல் எரியுதான்னு கேட்டான். எரியலன்னு தெரிஞ்சே அண்ணி எரியுதுன்னு சொல்லிச்சாம். பின்னாடி லாரி. அவன் அங்கயே போயிட்டான். அண்ணி மூணு நாள் இருந்து, அதச் சொல்லிட்டுத்தான் செத்துச்சு."

அவன் போன பிறகு ஐடா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். இன்பராஜின் இரண்டு கைகளிலும் மாவுக்கட்டு.

"எரியலன்னு எனக்கும் தெரியும்," என்றாள். "அவங்க சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

"அப்ப... நீ ஏன் சொல்லல?"

"முந்தின நாளே எங்கிட்ட கேட்டுட்டாங்க."

"இன்னா கேட்டா?"

கரண்டியை அவன் வாயருகே கொண்டுவந்தாள்.

"இந்த ஆளு உனக்கு வேணுமான்னு."