என் முடியில் கட்டிய சவுரி

கன்னியர் மடத்தில் துறவு உடுப்பு வாங்கிய அன்று என் முடியைக் கத்தரித்தார்கள். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. அம்மா அதைத் தனக்குத் தரச்சொல்லிக் கேட்டார். ஞாபகமாக வைத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்த வெள்ளைக்கார மதர், கண் கலங்கி, ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். அம்மாவை மதருக்குத் தெரியாது. அம்மா அதை நேரே சிலாபத்தில் ஒரு பெண்ணிடம் கொண்டுபோய், கொண்டைக்கு வைத்துக்கட்டும் சவுரியாகச் செய்வித்து, அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

"மடம் ஒத்துவராட்டி நீ வருவாய்தானே. முடி வளருமட்டும் மொட்டைத் தலையோட கோயில்ல கலியாணத்துக்கு நிக்க ஏலுமா?" என்று கேட்டார்.

மாப்பிள்ளையும் தயாராகத்தான் இருந்தார். குறிஞ்சிப்பிட்டியில் கரைவலை இழுத்த மச்சான், அப்பாவின் தங்கை மகன். சொந்த மச்சானைக் கட்ட ஆயர் மேற்றிராணியாரின் உத்தரவு வேண்டும். அதைப் பற்றியும் அம்மா பங்குச் சுவாமியிடம் கதைத்து வைத்திருந்தார்.

அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு நான் ஒருத்திதான். இந்த ஏற்பாட்டையெல்லாம் கேலி செய்தேனே தவிர, எனக்கும் அது பிடித்திருந்தது. உலக யுத்தகாலத்துக் கூப்பன் அரிசியில் கல் பொறுக்கும்போது மூத்த சிஸ்டர் ஏசினால், 'ஏசுங்கள், எனக்கு ஒரு மச்சானும் ஒரு சவுரியும் இருக்கு' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். சில வருஷங்களுக்கான முதல் துறவு வார்த்தைப்பாட்டைக் கணீரென்று கொடுத்தேன். என்ன உறுதியான விசுவாசம் என்று எல்லோரும் மெச்சினார்கள். நானும் நம்பினேன்.

சாகும்வரைக்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, தலவிலக் கோயில் பெருநாளுக்குப் பாட்டுப் படிக்க எங்களைக் கூட்டிப்போனார்கள். அம்மாவும் மாமியும் மச்சானும் மாட்டுவண்டியில் வந்து, கோயிலுக்குப் பின்னால் கிடுகுக் கொட்டில் போட்டிருந்தார்கள். பூசை முடிந்து, மதரிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு அங்கே போனேன். அம்மா தேத்தண்ணீர் தந்தார். மாமி தன் கோப்பையைத் தொடவில்லை.

"கற்பிட்டியில இருந்து பொடியனுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கு, மகள். அவனுக்கும் வயசு போகுது. நீ வருவியா, மாட்டியா?" என்றார் மாமி.

எனக்கு மூக்கின் மேல் கோபம். "ஆண்டவருக்கு வாக்குக் குடுத்துட்டு நிக்கிறன். இதை இன்னும் எத்தனை பேருக்குச் சொல்லணும்?"

"ஆண்டவருக்குச் சொன்னது சரி. எங்களுக்கு ஒருத்தரும் சொல்லயில்லையே."

பீடத்தின் முன்னால் அத்தனை பெரிய வார்த்தைகளைக் கணீரென்று சொன்னவளுக்கு, 'எனக்காகக் காத்திருக்காதீர்கள்' என்று ஒரு மாமியிடம் சொல்ல நா எழவில்லை. மச்சான் வெளியே மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். முதுகு எங்கள் பக்கம். காதும் எங்கள் பக்கம்தான். அந்த முதுகைப் பார்க்க எனக்குத் துக்கமாக இருந்தது. ஆசை என்று சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று எத்தனையோ பேரைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். என் கால்களை நான் குனிந்து பார்த்ததில்லை.

"வரமாட்டன், மாமி. அந்தக் கலியாணத்தையே முடியுங்க," என்றேன். "அம்மா, சவுரியையும் பொம்புளைக்குக் குடுத்துடுங்க."

அம்மா சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மச்சான் திரும்பி, "சரி, மச்சாள்," என்றார். பிறகு, "சரி, சிஸ்டர்," என்று திருத்திக்கொண்டார். அந்தத் திருத்தம் எனக்குச் சுட்டது.

கலியாணங்களுக்குப் போக எங்களுக்கு அனுமதி இல்லை. அம்மாதான் வந்து சொன்னார். காய்ச்சலில் முடி கொட்டியிருந்த பெண்ணாம். சவுரி நன்றாகப் பொருந்தியதாம். சிரித்தபடி அவரை அனுப்பிவிட்டு அரிசி பொறுக்க உட்கார்ந்தேன். மூத்த சிஸ்டர் வழக்கம்போல ஏசினார். மனதுக்குள் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. 'ஆண்டவரே, இனி நீர்தான்' என்று மட்டும் வந்தது. அவ்வளவு சின்னச் செபத்தை நான் அதற்குமுன் செய்ததில்லை.

நித்திய வார்த்தைப்பாட்டின்போது என் குரல் நடுங்கிப் பாதியில் நின்றுவிட்டது. மறுபடி தொடங்கித்தான் முடித்தேன். பூசைக்குப் பிறகு அம்மா வந்து என் கையைப் பிடித்தார்.

"பயந்துட்டியா, மகள்?"

"ஓம், அம்மா."

"போன தரம் பயப்படயில்லையே?"

"போன தரம் திரும்பி வர வழி இருந்துச்சு."

அம்மா என் கையை இன்னும் இறுகப் பிடித்தார். தள்ளாத காலத்தில் தன்னைப் பார்த்துக்கொள்ள ஒரு மகளும் மருமகனும் வேண்டுமென்றுதான் அவர் அந்த அலுமாரியைப் பூட்டி வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்ப இனி நானும் ஆண்டவரைத்தான் நம்பணும்," என்றார்.