மாரிவிக்கின் இடது கை

பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரச் சந்தையில் பன்றிக்கறி வெட்டிக்கொண்டிருந்த மாரிவிக், ஆஸ்திரேலியாவுக்கு மாட்டுக்கறி வெட்ட வந்தாள். எலும்பிலிருந்து கறியைப் பிரிப்பதில் அவளை மிஞ்ச அங்கிருந்த இறைச்சித் தொழிற்சாலையில் ஆள் கிடையாது. வந்தது தற்காலிக விசாவில். நிரந்தரமாகத் தங்க விண்ணப்பம் போட்டுவிட்டு, அவளும் புருஷன் ஆர்னெலும் பதிலுக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

அந்த விண்ணப்பத்துக்குக் கம்பெனியைச் சம்மதிக்க வைத்தவர் மேற்பார்வையாளர் டேரல். உதவி செய்தவரைச் சும்மா விடுவார்களா பிலிப்பினோக்கள்? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிற சனம். மகள் லைக்காவின் ஞானஸ்நானத்துக்கு அவரையே ஞானத்தகப்பனாக நிறுத்தினாள் மாரிவிக். கோயில் வாசலை மிதிக்காத மனுஷன், முழுப் பன்றி வறுத்த விருந்துக்காக வந்து நின்றார். தானாகப் போய்க் கழுத்தை நீட்டினாள், வேறென்ன சொல்ல! அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிட்டாலும் மறுக்க வாய் வருமா? உறவாகிவிட்டாரே.

இரும்பு வலைக் கையுறை கிழிந்துவிட்டது, வேறு கொடுங்கள் என்று டேரலிடம் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். உறவுக்காரரைப் போட்டுக் கொடுக்கவும் மனசில்லை. கடைசியில் கத்தி வழுக்கி, அந்தக் கிழிசல் வழியாகவே இடது உள்ளங்கையில் இறங்கியது. முதலுதவி அறையில் நர்ஸ் கட்டுப் போட்டாள். இரண்டு விரல்கள் மடங்கவே இல்லை. உடனே அறுவை செய்யாவிட்டால் கை போனது போனதுதான் என்றாள்.

டேரல் ஓடி வந்தார்.

"மாரி, ஆஸ்பத்திரியில கேட்டா வீட்ல மாங்கா வெட்டும்போது அறுத்துக்கிட்டேன்னு சொல்லிடும்மா. வேலையில அடிபட்டுச்சுன்னா ஆயிரம் கேள்வி வரும். உன் பேப்பர் இன்னும் முடியல. நான் உன் பிள்ளைக்கு அப்பன் மாதிரி, உனக்குக் கெட்டதா சொல்வேன்?"

அவளைத் தாங்கிப் பிடித்திருந்த வில்ஃபிரெடோ, அவள் ஊர்க்காரன், காதோடு கிசுகிசுத்தான்.

"சரின்னு சொல்லுக்கா. பேப்பர் வந்ததும் பேசிக்கலாம்."

"வீட்ல வெட்டினதுன்னா ஆபரேஷன் காசுக்கு எங்கடா போவேன்? பேப்பர் வரும்போது கை இருக்குமாடா?"

டேரலைப் பார்த்துத் திரும்பினாள்.

"நான் மாங்கா வெட்டல. உங்க மாட்டைத்தான் வெட்டினேன். தற்காலிக விசான்னாலும் வேலையில அடிபட்டா கம்பெனிதான் வைத்தியம் பாக்கணும். தொழிற்சங்கத்துல சொல்லியிருக்காங்க."

"சங்கமா உன்னை இங்க நிறுத்தி வச்சுது? கொஞ்சமாவது நன்றி வேணாம்?"

"நன்றிக்குத்தான் பன்றி வறுத்துப் போட்டோமே! ரெண்டு தட்டு தின்னீங்களே, பத்தலையா?"

வாசலில் கூடியிருந்தவர்களில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். டேரலின் முகம் செத்துப்போனது. மாரிவிக் நர்ஸிடம் சொன்னாள்.

"எழுதுங்க சிஸ்டர். இங்கதான் வெட்டுச்சு. கிழிஞ்ச கையுறையையும் சேர்த்து எழுதுங்க."

ஆம்புலன்ஸ் வரை டேரல் பின்னாலேயே வந்தார். குரலில் கெஞ்சலா மிரட்டலா, அவருக்கே தெரிந்திருக்காது.

"யோசிச்சுப் பாரு மாரி. நாளைக்கே விசா இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னா என்ன பண்ணுவ?"

"ஊருக்குப் போவேன்," என்றாள் மாரிவிக். "ரெண்டு கையோட போவேன்."