தாளிக்காத ரசம்

இந்த மலையில் துரைமார் கெட்டுப்போன பல்லைப் பிடுங்குவதில்லை. அதைக் கொன்றுவிட்டு வாயிலேயே வைத்துக்கொள்கிறார்கள். நம் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்கள் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே பல்வலிக்குக் கிராம்பு, அதற்கும் அடங்காவிட்டால் குறடு, அத்தோடு வைத்தியம் முடிந்தது. நடுவட்டத்துக்குக் கீழே தேயிலை எஸ்டேட்டில் கிளார்க் வேலை பார்க்கும் நான் ஒரு பக்கம் பூசணிக்காயாக வீங்கிய கன்னத்தோடு ஆபீசில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, துரை தம்முடைய ஊட்டி டாக்டரிடமே என்னை அனுப்பினார். அவர் பல்லைக் குடைந்து, வேருக்குள் இருந்த நரம்பை நூல்போல உருவியெடுத்து, மருந்து வைத்து அடைத்தார். “பல்லுக்கு இனி உயிர் கிடையாது. ஆனா இடத்தை விட்டுப் போகாது” என்று கம்பவுண்டர் தமிழில் எடுத்துச் சொன்னார். சீழ் ரத்தத்தில் ஏறினால் ஆளே போய்விடுவான், மனசு அதிரும்படி எதுவும் நடக்கக்கூடாது என்று கூட வந்திருந்த என் மனைவி பாவாத்தாளைத் தனியே எச்சரித்தும் அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல் கண்டது. வெளியே ஆடி மழை விடாமல் பெய்தது. தாடையைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு, கம்பளிக்குள் சுருண்டு கிடந்தேன். ஊரில் எனக்குப் பால்பல் விழுந்தபோதெல்லாம் அம்மா அதைச் சாணி உருண்டைக்குள் பொதிந்து கூரைமேல் எறிவாள். மலைக்கு நான் புறப்பட்ட அன்றைக்கும் அவளுக்கு என் பல்லைப் பற்றித்தான் கவலை. “குளிரு பல்லுல ஏறிப்போயிரும் சாமி, தலையோட மூடிக்க” என்றாள். அவள் சொன்னபடியே ஆயிற்று என்று அந்தக் காய்ச்சலிலும் சிரித்துக்கொண்டேன். உடம்பு தேறியதும் ஊருக்குப் போய் அவளிடம் வாயைத் திறந்து இந்த அதிசயப் பல்லைக் காட்டவேண்டும் என்று அப்போதே முடிவு செய்தும் வைத்தேன்.

ஒருநாள் மச்சினன் ஊரிலிருந்து வந்தான். அரைத் தூக்கத்தில் அவன் குரல் கேட்டது. வாசலிலேயே நின்று பாவாத்தாளிடம் ஏதோ சொன்னான், உடனே போய்விட்டான். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவ்வளவு தூரம் மழையில் வந்தவன் உள்ளே வரவில்லையே என்று எனக்குக் கோபம்.

“தூங்கறீங்கன்னு சொன்னனுங்க. அதான் போயிட்டான்” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னைக் கவனித்துக்கொண்டதைச் சொல்லி மாளாது. குழைந்த சோறு, தாளிக்காத ரசம். கடுகு பல்லில் மாட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறாளாக்கும் என்றிருந்தேன். சாயங்காலம் சாமி விளக்கு ஏற்றவில்லை. வெளிச்சம் என் கண்ணுக்கு ஆகாது என்று விட்டிருப்பாள் என நினைத்தேன். அவள் தலையில் பூவில்லை, என் முகத்தில் சவரமில்லை. வீங்கிய கன்னத்தில் கத்தி வைக்க முடியுமா?

காய்ச்சல் விட்ட அன்று, “நாக்கு செத்துப்போச்சு புள்ள. கொஞ்சம் கடுகு தாளிச்சு ஊத்து” என்றேன். கரண்டியை அடுப்பில் வைத்து எண்ணெய் விட்டாள். கடுகைக் கையில் எடுத்தவள் போடவேயில்லை. எண்ணெய் புகைந்தது.

“ஏனுங்க, தாளிக்கக் கூடாதுங்க.”

“டாக்டரா சொன்னாரு?”

“இல்லீங்க... அத்தை போயிட்டாங்க.”

எனக்கு உறைக்கவில்லை. எங்கே போனாள் என்று கேட்டேன். பாவாத்தாள் தரையில் உட்கார்ந்து அழுதாள். “எரிச்சதுக்கப்புறந்தான் தம்பி வந்து சொன்னானுங்க. நீங்க கண்ணு திறக்காமக் கெடந்தீங்க. உங்களையும் பறிகொடுத்துருவனோன்னு...”

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. வாய்க்கரிசி போடவேண்டியவன் நான். பங்காளி மகன் போட்டு, அவனே கொள்ளியும் வைத்திருக்கிறான். அன்றைக்கு என் வாயில் பாவாத்தாள் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். பல்லுக்கென்று நினைத்தேனே, அத்தனையும் அம்மாவுக்காக. எனக்கே தெரியாமல் நான் துக்கம் காத்திருக்கிறேன்.

கருமாதிக்காவது போகவேண்டும் என்று துரை முன்னால் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. முதலில் பல்லைத்தான் விசாரித்தார்.

“அம்மா பொணம் எரிச்சாச்சா?”

“ஆச்சுங்க, துரை.”

“அப்போ நீ போய் என்ன செய்யும்? மழை நிக்கட்டும், லீவு தரும்.”

புதைத்த அன்றோடு காரியம் முடிகிற நாட்டுக்காரருக்குக் கருமாதியை எப்படிச் சொல்வது? “எஸ் சார்” என்று திரும்பினேன்.

கருமாதியன்று ஒரு பிடி அரிசியோடு எஸ்டேட் ஓடைக்குப் போனேன். மலைத் தண்ணீரெல்லாம் பவானிக்குத்தான் போகும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அம்மாவின் சாம்பலையும் அங்கேதான் கரைத்திருப்பார்கள். “அம்மா” என்று சொல்லி அரிசியை விட்டேன். எதிர்க்கரையில் பாக்டரி ஆள் மொய்து கைகால் கழுவிக்கொண்டிருந்தான். கூடலூர்ப் பக்கத்து மலையாளி, தண்ணீரை வெள்ளம் என்பான்.

“பவானி போய்ச்சேர எத்தனை நாளாகும் மொய்து?”

“பவானியோ? இது அங்கே போகாதுங்க. எங்க நாட்டு வெள்ளமாணு. நிலம்பூர் போயி, கோழிக்கோட்டுக் கடல்ல சேரும்.”

அம்மா கடலையே பார்த்ததில்லை. அவள் கிழக்கே போய்விட்டாள். என் அரிசி மேற்கே போய்க்கொண்டிருந்தது. பார்வைக்கு எட்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று தீட்டுக் கழிந்து வீட்டில் கடுகு பொரிந்தது. பாவாத்தாள் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். செத்த பல் இருக்கும் பக்கமாகவே மென்றேன். அங்கே மட்டும்தான் வலிக்கவில்லை.