கண் திறக்காத அம்மன்

பதினோரு நாளாக அவனிடமிருந்து போன் இல்லை. ராணுவத்தில், எல்லைப் பக்கம் எங்கோ இருக்கிறான் அண்ணன் மகன். அண்ணன் இறந்த பிறகு மதினிக்கு அவன் ஒருவன்தான். சேத்தூர் வீட்டில் போனை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கச் சகிக்காமல், பைக்கில் ஏற்றிச் செண்பகத்தோப்புக்குக் கூட்டிப்போனேன். ஊரே கொண்டாடிய ஒரு மாயாஜாலப் படத்தின் செட் அங்கே ஒரு தென்னந்தோப்பில் நிற்கிறது. டிக்கெட் வாங்கினால் கைடு சுற்றிக் காட்டுவார்.

கோட்டை வாசலில் நுழைந்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. தூணைத் தட்டினால் பொத்தென்று சத்தம் வந்தது. மலையில் மேகம் இறங்கி, மத்தியானமே மங்கிப்போயிருந்தது. அவ்வளவு மரம் இருந்தும் ஒரு காக்காய்ச் சத்தம் இல்லை.

கடைசியில் அம்மன் சன்னதி. படத்தில் ராஜகுமாரனைக் காப்பாற்றும் அம்மன், இருபதடி உயரம். மற்றவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, மதினி மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். என் வாய் சும்மா இருக்குமா?

"கும்பிட்டா மட்டும் போதாது மதினி. நேந்து முடிச்சுப் போடுங்க. நாளைக்கே போன் வரும்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. நீலச் சேலையின் முந்தானையைப் பல்லால் கடித்து ஒரு துண்டு கிழித்தார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு, கைக்கு எட்டிய உயரத்தில் அம்மனின் சூலத்தண்டில் இறுக்கி முடிந்தார்.

அப்போதுதான் கைடு, ஒரு பெண், எங்கள் பக்கம் வந்தாள். "அம்மன் கண்ணப் பாருங்க, பச்ச பெயிண்ட் மட்டும்தான். படத்துல வர்ற கண்ணு கம்ப்யூட்டர்ல வச்சது. ரெண்டாம் பார்ட்ல இந்தச் சன்னதிய நெசமாவே கொளுத்தப் போறாங்க. அடுத்த மாசம் ஷூட்டிங்."

கண் திறக்காத சிலைக்கு எங்கள் பக்கத்தில் யாரும் சூடம்கூடக் காட்ட மாட்டார்கள். கண் திறக்கும் வரை அது வெறும் கல். இதுவோ கல்லும் இல்லை, தெர்மாகோல். அதன் கையில் ஓர் உயிருக்கான முடிச்சு.

வெளியே வந்ததும், "அவுத்துருவமா மதினி?" என்று மெல்லக் கேட்டேன்.

"காரியம் ஆகாம முடிச்ச அவுக்கப்பிடாது தம்பி. அது அவனுக்கு ஆகாது."

"எரிக்கப் போறாங்களாம்லா?"

"அதுக்குள்ள அவன் வந்துருவான்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால் பரவாயில்லை. தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டதாகச் சொல்லி உள்ளே ஓடினேன். அவன் பேரில் போட்ட முடிச்சு நெருப்பில் எரிவதை என்னால் நினைக்க முடியவில்லை. நகத்தால் முடியாமல் பல்லால்தான் அவிழ்த்தேன். பெயிண்ட் வாடை வாயெல்லாம் கசந்தது. நிமிர்ந்தால், அந்தப் பச்சைக் கண்கள். எனக்குச் சாமி பயமெல்லாம் கிடையாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவன், திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்தேன்.

மறுநாள் காலையில் போன் வந்தது. டவர் இல்லாத இடத்தில் போட்டிருந்தார்களாம். மதினி அழுதுகொண்டே சிரித்தார். "லீவுல வந்ததும் அவன் கையாலயே முடிச்ச அவுக்கச் சொல்லணும்" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அதன் பிறகு லீவு இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. ஏன் என்று அவன் சொல்வதில்லை. ஷூட்டிங்கும் ஏதோ காரணத்தால் தள்ளிப்போயிருக்கிறது. இப்போது மறுபடியும் ஆறு நாளாகப் போன் இல்லை. மதினி வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், இரண்டு மூன்று மணி அடிக்க விட்டுத்தான் எடுக்கிறேன். நேற்றும் கூப்பிட்டார்.

"முடிச்சு பத்திரமா இருக்கும்லா தம்பி?"

பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில் கிடக்கும் அந்த நீலத் துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"பத்திரமா இருக்கு மதினி."