அம்மா புல்வெளியில் வலை போட்ட நாள்

அம்மா மார்ச் மாதம் இறந்துபோனாள். பெயர் மாவ்ரா. அடக்கம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, ஊரில் எல்லோரும் அவளுடைய ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் பேசினார்கள். என்னால் அன்று பேச முடியவில்லை. எழுத முடிகிறது. அதே நாளைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அவள் குரல். கூட்டுப்பண்ணை இருந்த காலத்தில் மாடு கறந்தாள். பண்ணை கலைந்த பிறகு பள்ளிக்கூட பாய்லருக்கு விறகு தள்ளினாள். அந்த இரைச்சலில் பேசிப் பழகியதாலோ என்னவோ, வீட்டுக்குள் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு வருவார். ஊர் முன்ஹாவுக்கு அவள் தலைவியானதும் அந்தக் குரலால்தான். உறைந்த ஏரிக்கு அடியில் பெருவலை இழுத்து ஊரே கூடிச் சோபோ மீன் பிடிப்பதுதான் முன்ஹா. பழைய தலைவருக்கு முழங்கால் போனதும், "அந்தக் கரைக்குக் கேக்குற மாதிரி யார் கத்துவீங்க?" என்றாராம். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்களாம். பொம்பளையா என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். அவள் போட்ட முதல் அதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை.

ஹாரா ஏரி அம்மாவின் இளவயதில் சிறியது. மேற்குக் கரையில் எங்கள் புல்வெளி. அப்பா சிமியோன் அங்கே புல் அறுத்துப் போர் வைத்து, குதிரைகள் நுழையாதபடி லார்ச் மரக் கம்புகளால் வேலி அடித்தார். அப்பா இறந்த பிறகு வானம் மாறியது. கோடையில் மழை கூடியது. வெண்பனி விழவேண்டிய அக்டோபரிலும் மழை விழுந்தது. எப்போதும் உறைந்தே கிடந்த அடிமண் மேலிருந்து இளகி அமுங்கியது. அமுங்கிய இடத்துக்கு ஏரி வந்தது. புல்வெளி கோடைக்குக் கோடை தண்ணீருக்குள் போயிற்று. வேலியும் கூடவே போயிற்று.

நான் யாகூட்ஸ்க் நகரத்தில் இருக்கிறேன். நிலத்தில் துளையிட்டு வெப்பமானி இறக்கி உறைமண்ணின் சூட்டை அளப்பது என் வேலை. பல வருட அளவுகளைக் கோடாக வரைந்து ஒருமுறை அம்மாவிடம் காட்டினேன்.

"என்னடி இது?"

"நம்ம மண்ணோட சூடும்மா. ஏறிக்கிட்டே போகுது."

"மண்ணுக்குக் காய்ச்சலா? மருந்து கண்டுபிடிச்சியா?"

"இல்ல. அளக்குறேன்."

"நல்லா அள. நான் இந்த வருஷம் புல்லுக்கு எங்க போறதுன்னு பாக்குறேன்."

அந்த நாளுக்கு முந்தைய வருடம் முன்ஹா பொய்த்தது. துளை வெட்ட எங்களுக்கு நிலையான அடையாளங்கள் உண்டு. தனி லார்ச் மரத்தையும் கல்லறை மேட்டையும் ஒரே கோட்டில் பார்த்து நின்றால், அங்கேதான் மீன் குளிர்காலத்துக்கு அடையும் பள்ளம். ஏரி பெருத்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எல்லோரும் மரத்தையும் மேட்டையும் பார்த்தே வெட்டினோம். அளப்பதையே தொழிலாகக் கொண்ட நானும் கடப்பாரையுடன் அங்கேதான் நின்றேன். வலையில் சேறும் ஒரு கிழிந்த ரப்பர் காலணியும் வந்தன.

"மாவ்ரா அக்கா, இன்னொரு காலுக்கும் கெடைச்சா போட்டுக்கலாம்," என்றான் கவ்ரீல். ஊரிலேயே பெரிய உடம்பு அவனுக்கு. ஆற்றுக்கு அப்பால் வேறு ஏரி ஒன்றை அவன் பார்த்து வைத்திருந்தான். ஊர்க் கூட்டத்தில் நேராகவே கேட்டான்: வலையைத் தன்னிடம் கொடுக்க வேண்டும், இனி தானே தலைவன். ஊர் யோசித்து ஒரு முடிவு சொன்னது. மாவ்ராவுக்கு இன்னும் ஒரு முறை. அதுவும் வெறும் வலை என்றால் வலை கவ்ரீலுக்கு.

அம்மா கோடை முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அக்டோபர் கடைசியில் போன் செய்தாள்.

"புல்வெளியில போடப் போறேன்."

"அங்க அப்பாவோட வேலி இருக்கே. வலை மாட்டிக்கும்."

"ஒவ்வொரு கம்பும் எனக்குத் தெரியும்டி. அவர் அடிக்கும்போது பிடிச்சிக்கிட்டு நின்னவ நான். நீ ஆழம் மட்டும் பாத்துச் சொல்லு."

போனேன். பனியில் துளை போட்டு, கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கினேன். புல்வெளி இருந்த இடம்தான் இப்போது ஏரியிலேயே ஆழம். அம்மா என் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கித் தானே இறக்கிப் பார்த்தாள். பிறகு பனிமேல் ஒரு குதி குதித்தாள். அறுபத்தேழு வயது.

அந்த இலையுதிர்காலமும் மழைதான். மழையின்மேல் வெண்பனி விழுந்து போர்வைபோல மூடியதால் ஏரியின் பனிக்கட்டி தடிக்கவே இல்லை. நவம்பர் வந்தும் பூஜ்யத்துக்குக் கீழே வெறும் எட்டுப் பாகைதான். குல்லாயைக் கழற்றிக்கொண்டு நடந்தார்கள். அம்மா நாளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் ஒரு சனிக்கிழமை குறித்தாள்.

காலையில் கரையில் நெருப்பு மூட்டி, அதற்கு அப்பமும் ஒரு வாய் வோட்காவும் ஊட்டினாள். பிறகு பனிமேல் வேகமாக நடந்து வில்லோக் குச்சிகளை நட்டாள். இரண்டு வரிசைக் குச்சிகள் அடியில் கிடக்கும் வேலிகளுக்கு அடையாளம். நடுவில் வலைக்குப் பாதை.

"கூட்டமா நிக்காதீங்க! பனி மெல்லிசு! காதல் பண்றவங்களும் தள்ளித் தள்ளி நில்லுங்க!"

கடப்பாரைகள் இறங்கின. துளை துளையாக வெட்டி, நீளக் கழிகளால் பனிக்கடியில் கயிற்றைத் தள்ளிக்கொண்டு போனோம். இரண்டு பக்கமும் கயிறு இழுக்க ஆள். துளைகளில் கழி விட்டு அடிச்சேற்றைக் குத்தி மீனைக் கிளப்ப ஆள். யாரோ ஒருவர் இழுவைப் பாட்டு தொடங்கினார். பாரத்தில் பனி தாழ்ந்து துளைகள் வழியே தண்ணீர் மேலேறி எங்கள் காலணிகளை நனைத்தது. யாரும் நகரவில்லை. வலை பாதி தூரம் வந்துவிட்டது. கழிகளில் மீன் முட்டுவது கையில் தெரிந்தது!

"இருக்கு! இருக்கு!" என்று பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி கத்தினாள்.

அப்போது வலப்பக்கக் கயிறு நின்றது.

இழுத்தோம். வரவில்லை. இன்னும் ஆளைச் சேர்த்து இழுத்தோம். கயிறு நரம்புபோல விறைத்து நின்றது. அடியில் பனி நீளமாக முனகியது.

"வேலி," என்றான் கவ்ரீல். "அந்தப் பக்கத்த அறுத்து விட்ரு அக்கா. பாதி வலையாவது மிஞ்சும்."

"அறுத்தா அத்தனை மீனும் போயிடும்டா."

"அறுக்கலைன்னா வலையே போயிடும்."

அம்மா தன் குச்சியைப் பார்த்தாள். மாட்டிய இடம் குச்சி வரிசைக்கு நன்றாக உள்ளே, பாதையின் நடுவில் இருந்தது. "இங்க கம்பு இல்ல. சத்தியமா இல்ல. நான் பிடிச்சிக்கிட்டு நின்னேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அம்மா, கரையோரமா தண்ணி நின்ன காலத்துல ஒவ்வொரு குளிருக்கும் பனி கம்பைக் கவ்வித் தூக்கியிருக்கும். வசந்தத்துல பனி நகரும்போது கூடவே இழுத்திருக்கும். கம்பு நட்ட இடத்துல இருக்காது."

"இத ஏன்டி முன்னாடியே சொல்லல?"

"நீ ஆழம் மட்டும்தானே கேட்ட?"

"படிக்க வச்சேனே உன்னை!" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்தாள். "இரு. பனி தூக்கிச்சுன்னா சொன்ன? முதல்ல தூக்கிச்சு, அப்புறம்தான் இழுத்துச்சு?"

"ஆமா. மேல நேரா."

"அப்போ நாம ஏன் பக்கவாட்டுல இழுத்துக்கிட்டு கெடக்குறோம்?" திரும்பி ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "கயித்த விடுங்க! மேலிருந்து பிடுங்கப் போறோம்! கவ்ரீல், கொக்கி எடுத்துக்கிட்டு வாடா! பனி செஞ்சத நீ செய்யமாட்டியா?"

"நான் விழுந்தா?"

"நீ விழுந்தா ஏரி இன்னும் பெருசாகும். வா!"

மாட்டிய இடத்துக்கு நேர்மேலே துளை வெட்டினோம். கவ்ரீல் பனிமேல் குப்புறப் படுத்தான். எடை பரவ வேண்டும் என்று பலகை போட்டோம். அவன் கால்களை அம்மாவும் நானும் பிடித்துக்கொண்டோம். கொக்கி இறங்கியது. தேடியது. கட்டையில் இடித்தது.

"பிடிச்சிருச்சு!"

மூன்று கழிகளைக் கூம்பாகக் கட்டித் துளைக்குமேல் பலகையில் நிறுத்தி, கொக்கிக் கயிற்றை அதன் உச்சியில் போட்டு, தூரத்தில் பரவி நின்ற ஆட்களிடம் கொடுத்தோம். அம்மா கையை உயர்த்தி இறக்கினாள். ஒரு இழுப்பு. இன்னொன்று. பனி வெடித்து ஒரு கோடு எங்களுக்கு நடுவே ஓடியது. யாரோ வீறிட்டார்கள். மூன்றாவது இழுப்பில் கருப்பாக, வழவழவென்று, அடிமண்ணோடு லார்ச் கம்பு மேலே எழுந்து கவ்ரீலின் தாடையில் இடித்தது.

"கயிறு!" என்று அம்மா கத்தினாள். "கயிறு, கயிறு, ஓடுங்க!"

வலப்பக்கக் கயிறு நகர்ந்தது. ஓடினோம். வழுக்கி விழுந்தவர்கள் விழுந்தபடியே இழுத்தார்கள். கடைசித் துளையில் தண்ணீர் முதலில் கலங்கியது, பிறகு நுரைத்தது, பிறகு தண்ணீரே தெரியவில்லை. பொன்னிறச் சோபோ. ஒன்றன்மேல் ஒன்றாக, தட்டு அகலத்துக்கு. அள்ளி அள்ளிப் பனிமேல் கொட்டினோம். குளிர் குறைவாக இருந்ததால் அவை உடனே விறைக்காமல் எங்கள் காலடியில் துள்ளிக்கொண்டே இருந்தன. அம்மா கைகளை இடுப்பில் வைத்து நின்றாள். கத்திக் கத்தி அவள் குரலே போயிருந்தது. ஊர் அவளை அப்படிப் பார்த்தது அன்றுதான்.

வழக்கப்படி குவியல் குவியலாகப் பங்கு வைத்தோம். வீட்டுக்கு ஒன்று, வராதவர்கள் வீட்டுக்கும் ஒன்று. தலைவி கடைசியாக எடுப்பாள். கவ்ரீல் வீங்கிய தாடையோடு வந்தான்.

"ஒத்துக்கிறேன் அக்கா. வலை உன்னோடதுதான்."

அம்மாவுக்கு அதற்குள் கரகரவென்று கொஞ்சம் குரல் திரும்பியிருந்தது. "அது எப்படிடா? ஊர் முன்னாடி வலை வேணும்னு கேட்டியே. எடுத்துக்கோ. ஈரமா இருக்கு. வீட்டுக்குக் கொண்டுபோய் சேறு கழுவி, ஓட்டை தைச்சு, காயவச்சிக் கொண்டா."

அவன் கொண்டுபோனான். வலையால் வீட்டில் அடித்த நாற்றத்தைப் பற்றி அவன் மனைவி வசந்தம்வரை பேசினாள். அதற்குப் பிறகு அம்மா நடத்திய முன்ஹாக்கள் எல்லாம் புல்வெளிமேல்தான். வலையை ஒவ்வொரு முறையும் கவ்ரீல்தான் காயவைத்தான்.