பையில் வந்த ஷூ

எங்கள் சித்தப்பா தேவாலயக் காவலாளி. பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவர். ஆர்கன் வாசிப்பவர் பையில் இன்னொரு ஜோடி ஷூ கொண்டுவருவதே அவருக்கு உறுத்தியது. ஈஸ்டர் காலையில், பாட்டுக்கு முன்னோட்டமாக வாசித்த இசையில் அந்தப் பாட்டின் மெட்டையே காணோம். ஆர்கன் இருக்கும் மாடிக்கு ஏறிப் போய் வாசிப்பவரின் கைகளை முறைத்தார்.

"மெட்டு எங்கய்யா? காதுல பூ சுத்துறீங்களா?"

"கீழ பாருங்க."

ஆர்கனின் அடியில் வரிசையாக இருந்த மரக்கட்டைகளைக் கால்கள் மிதிக்க மிதிக்க, உயிர்த்தெழுந்தவரின் பாட்டு அடிக்குரலில் நிதானமாக வந்தது.

"ஆண்டவர் பாட்டைக் காலாலயா மிதிக்கிறீங்க?"

"அதுக்குத்தான் தனி ஷூ. தெருவுல போடுறதே இல்ல."

நம்புவாரா? குனிந்து ஒரு காலைப் பிடித்துத் தூக்கி, ஷூவின் அடியை விரலால் தேய்த்துப் பார்த்தார். தூசியில்லை. ஆனால் அதற்குள் மெட்டில் ஒரு சுரம் விட்டுப்போனது.

வீட்டில் சித்தியிடம் சொன்னார்: "என் கண்ணெதிர்லயே ஒரு சுரத்தை அமுக்கிட்டான்டி!"